குழாயை அணைத்த பிறகு கேட்ட குரல்

எங்கள் நைனா பழைய வண்ணாரப்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருந்தார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தாலும், கல்யாணம் நடந்தாலும், கட்சிக் கூட்டம் போட்டாலும், யாராவது இறந்துபோனாலும் எங்கள் கடையிலிருந்துதான் குழாய் போகும். கூம்பு ஒலிபெருக்கியை நாங்கள் குழாய் என்றுதான் சொல்வோம். பத்து வயதிலிருந்து அந்தக் கடைக்கு ஒயர் இழுத்தவன் நான். பிடித்த பாட்டை மட்டும் கேட்டு வளரும் வசதி எனக்கு இருந்ததில்லை. யார் பாடினாலும், யார் வாசித்தாலும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே சிலரை அடியோடு வெறுத்தேன்.

அந்தச் சிலரில் இரண்டு பேர் இன்று எனக்கு மிகவும் நெருக்கமானவர்கள். வயதானால் ரசனை தானாக மாறும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தானாக மாறவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரியம் நடந்தது, அந்தக் காரியத்தை யாரும் வேண்டுமென்றே செய்து பார்க்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

1995 மார்ச். பிளஸ் டூ இயற்பியல் தேர்வுக்கு முந்தைய இரவு. அடுத்த சந்தில் ஒருவர் இறந்துவிட்டார். குறுக்கே தார்ப்பாய் கட்டி, டியூப் லைட் மாட்டி, இரண்டு குழாயைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு நைனா வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். ஒன்பது மணிக்குத் தொடங்கிய மரண கானா விடியற்காலை நான்கு மணிக்குத்தான் நின்றது. பாடியவர் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த அண்ணன். பகலில் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை, இரவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அங்கே பாட்டு. அவர் குரல் தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. தலையணையை இரண்டு காதிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் தேர்வை மோசமாக எழுதினேன். அந்தக் கோபத்தில் அவரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். பத்து வருடம் அப்படித்தான் போனது.

கோபத்துக்கு வீட்டிலும் வெளியிலும் தீனி கிடைத்தது. கானாவின் ஒரு வரியை முணுமுணுத்தால் அம்மா, “சாவு வீட்டுப் பாட்டை நடு வீட்டில் பாடாதே” என்று வாயில் அடிப்பார். பள்ளியில் கானா பாடுகிறவன் என்றால் உருப்படாதவன் என்று பொருள். நானோ இளையராஜா ரசிகன். பின்னணியில் வரும் வயலின் கூட்டத்தையும் புல்லாங்குழலையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் என்ற கர்வம் உண்டு. டோலக்கும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு பாடுகிறவரை இசைக்கலைஞர் என்று ஒப்புக்கொள்ள அந்தக் கர்வம் விடவில்லை. அந்தப் பாட்டை யார் பாடுகிறார்கள், எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்பதும் அந்த ஏளனத்துக்குள் இருந்தது. அப்போது அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விதி வந்தும் எங்கள் பக்கம் சில காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2005இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்ன பிறகு ரோந்து வண்டி பத்தடித்ததும் வந்து நிற்க ஆரம்பித்தது. தொழில் படுத்துவிடும் என்று நைனாவுக்குக் கவலை. எனக்கோ அந்த விதியால்தான் காது திறந்தது.

2006 மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் ஆயா இறந்துபோனார். செட் போட நான்தான் போனேன். அதே அண்ணன்தான் பாடினார். பத்து மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து மரியாதையாகவே சொன்னார். ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். மழை பிடித்துக்கொண்டதால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியவில்லை. வேறு வழியில்லாமல் பந்தலுக்குள்ளேயே நின்றேன்.

அண்ணன் நாற்காலியை ஆயாவின் தலைமாட்டுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார். டோலக்காரர் பக்கத்தில் வந்தார். இன்னொருவர் காலித் தீப்பெட்டியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். பாட்டு தொடங்கியதும் வேறு யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். தகரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நெஞ்சிலிருந்து வருகிற, கொஞ்சம் மணல் கலந்த, கனமான குரல். வரியின் முடிவில் மூச்சு தளர்வது கூடக் கேட்டது. டோலக்கின் பெரிய பக்கத்தில் உள்ளங்கை விழுந்தபோது அந்தத் ‘தொம்’ என் வயிற்றில் விழுந்தது. இத்தனை வருடம் டோலக்கின் சின்னப் பக்கத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

என் தொழில்தான் என்பதால் காரணத்தைச் சொல்ல முடியும். ஆண் குரலின் ஆதார அதிர்வு ஏறக்குறைய 100 முதல் 150 ஹெர்ட்ஸ். நாங்கள் ஏற்றிவந்த பழைய அலுமினியக் குழாயில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. தூரத்துக்குக் கேட்க வேண்டும், வார்த்தை புரிய வேண்டும் என்பதற்காகச் செய்த பொருள் அது. குரலின் அடிப்பாகத்தையும் டோலக்கின் கனத்தையும் வெட்டிவிட்டு, மேல்பாகத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கும். பரீட்சை இரவில் நான் கேட்டது அந்த அண்ணனை அல்ல, எங்கள் வீட்டுக் குழாயை.

அன்று இரவு இன்னொன்றையும் பார்த்தேன். சாயங்காலமே அவர் ஆயாவின் மகளைத் தனியே கூப்பிட்டு மெதுவாக ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். கூலி பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் விசாரித்தது முழுவதும் நள்ளிரவுக்கு மேல் பாட்டில் வந்தது. ஆயாவின் அலுமினிய பேசின், அவர் எழுதி வைக்காமலே நினைவில் வைத்திருந்த கடன் கணக்கு, எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், எந்தப் பேரனுக்குச் சங்கரா மீனில் பெரியதாக எடுத்து வைப்பார் எல்லாமே வந்தது. ஒவ்வொரு பெயராக வர வர, அந்தப் பெயருக்குரியவர் உடைந்து அழுதார். மாலையிலிருந்து கல் மாதிரி நின்றிருந்த மூத்த மகன் தன் பெயர் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மணி வாக்கில், ஆயா ஏலக்காரரோடு போட்ட சண்டையை அவர் பாடியபோது அதே மனிதர் சிரித்தார். ஒரு குடும்பத்தை ஓர் இரவு முழுக்கக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகிற வேலை அது. அதை முன்தயாரிப்பில்லாமல், அங்கேயே கட்டி, தாளம் தப்பாமல் செய்வதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்!

காலையில் டீக்கடையில் அவரிடம் போய் நின்றேன். “அண்ணே, மைக் இல்லாமல் பாடினால் உங்கள் குரல் வேறு மாதிரி இருக்கிறது” என்றேன். அவர் சொன்னார்: “குழாயை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டிவிடுகிறீர்கள் தம்பி. நான் பாடுவது என் காதுக்கே வராது. வராதபோது கத்தத்தானே வேண்டும்?”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பாடுகிறவருக்குத் தன் குரல் திரும்பக் கேட்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். பெரிய மேடைக்கு அதற்கென்று தனியாக ஸ்பீக்கர் வைப்பார்கள். சாவு வீட்டுக்கு யார் வைத்தார்கள்? அந்த மாதமே ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கரை வாங்கினேன். அன்றிலிருந்து கானா பாட யார் உட்கார்ந்தாலும் அது அவர் முழங்காலுக்கு எதிரே இருக்கும். குழாய்க்குப் பதிலாகப் பந்தலுக்குள்ளேயே இரண்டு பெட்டிகள். சத்தம் தெருவைத் தாண்டாது. பாட்டு முழுதாகக் கேட்கும்.

ஆகவே, ஒரு பாடகரைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் எதன் வழியாக அவரைக் கேட்டேன் என்று பாருங்கள். இன்று பெரும்பாலோர் கைபேசியின் ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். அந்தக் கடுகளவு ஸ்பீக்கரும் எங்கள் குழாயின் தம்பிதான், அடிக்குரலும் தோல் வாத்தியத்தின் கனமும் அதில் வராது. பஸ் இரைச்சலுக்கு நடுவே அதில் அரை நிமிடம் கேட்டுவிட்டு ஒருவரை ஒதுக்குவது நியாயமில்லை. ஓரளவு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய், தாளக்காரருக்குப் பத்தடி தூரத்துக்குள் நில்லுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் தீர்ப்பு.

டோலக்கின் அந்தத் ‘தொம்’ காதில் ஏறிய பிறகு, இசையமைப்பாளர் தேவாவின் பாட்டுகளும் வேறாகக் கேட்டன. கானாவைத் திரையிசையில் உட்கார வைத்தவர்களில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தொண்ணூறுகளில் கல்யாண வீட்டில் அவர் பாட்டுக் கேசட்டை யாராவது நீட்டினால் வேண்டாவெறுப்பாகப் போடுவேன். இளையராஜாவோடு ஒப்பிட்டே கேட்டதால் அவரிடம் இல்லாததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். இருப்பதை எண்ணத் தொடங்கியது நாற்பதை நெருங்கும்போதுதான். ஒருவரை இன்னொருவருடைய அளவுகோலால் அளப்பதை நிறுத்தினாலே பாதி வெறுப்பு போய்விடும்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலாக மேடையேறியபோது பார்வையாளனாகப் போயிருந்தேன். கானாவும் பறையும் ராக்கும் ஒன்றாக ஒலித்தன. குழுவின் பெயருக்குச் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி இல்லாத தமிழர்கள்’ என்ற சொற்றொடர்தான் மூலம். ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி என்ற பெண் அந்த மேடையில் பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அந்தக் கூட்டத்தில் நின்றபோது அம்மா வாயில் அடித்தது நினைவுக்கு வந்தது. கண் கலங்கியது. ஆனாலும் என் அபிப்பிராயம் இதுதான்: மேடைக் கானா எவ்வளவு நன்றாக இருந்தாலும், இறந்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த வீட்டுப் பெயர்களை வைத்துப் பாடுகிற கானாவைக் கேட்காதவர் கானாவைப் பாதிதான் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு இசைக்கும் ஒரு வேளையும் இடமும் உண்டு. அங்கே போக வேண்டும்.

இரண்டாமவர் விஷயம் இதற்கு நேர் எதிர். கானாவில் சத்தம் அதிகம் என்று வெறுத்தவன், வீணையைச் சத்தமே இல்லை என்று வெறுத்தேன்.

ஜார்ஜ் டவுனில் ஒரு கோயிலில் நவராத்திரிக் கச்சேரிக்கு மைக் வைக்கப் போயிருந்தேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மையார் வீணை வாசித்தார். நான் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவர் கையைத் தாழ்த்தித் தாழ்த்திச் சைகை காட்டினார். கடைசியில் வாசிப்பை நிறுத்திவிட்டு, “தம்பி, இன்னும் குறையுங்கள். கேட்க விரும்புகிறவர்கள் கிட்டே வரட்டும்” என்றார். எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டாரே என்று எனக்குக் கோபம். குறைத்துவிட்டு, ‘டங்’ என்று ஒரு தட்டு, பிறகு ஒன்றுமில்லை, இதற்கு ஒரு கச்சேரியா என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பல வருடம் கழித்து மண்ணடியிலிருந்து ஒரு பெரியவர் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். 78 சுழல் தட்டு ஓட்டுகிற வகை. மோட்டார் வேகம் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க ஒரே ஒரு தட்டைத்தான் கொடுத்தார். அது 1930களில் பதிவான வீணை தனம்மாளின் வாசிப்பு. எனக்கு அந்தப் பெயர் கூடத் தெரியாது.

அந்த வகைத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். வேகம் சீராக இருக்கிறதா என்று காதால் கண்டுபிடிக்க வேண்டுமானால் நீண்டு ஒலிக்கிற சுரத்தைக் கவனிக்க வேண்டும். மோட்டார் தடுமாறினால் அந்தச் சுரமும் ஆடும். ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் நாதம் என்ன ஆகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஸ்க்ரூவைத் திருப்புவது, எண்ணெய் விடுவது, மறுபடியும் முதலிலிருந்து போடுவது என்று இரண்டு நாளில் இருபது முப்பது தடவை ஓடியிருக்கும். மோட்டார் சரியான பிறகும் ஓர் இடத்தில் சுரம் ஆடியது. மறுபடியும் திருகினேன். மறுபடியும் அதே இடத்தில், அதே அளவு ஆட்டம். அது மோட்டாரின் பிழை அல்ல என்று புரிந்தபோது கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். தட்டிய தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மறைந்துகொண்டே போகிற நாதத்துக்குள் அவர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போயிருக்கிறார். ‘டங்’கைக் கேட்டுவிட்டு, பிறகு ஒன்றுமில்லை என்று நான் சொன்ன அந்த இடத்தில்தான் வீணையே இருக்கிறது.

பெரியவர் வந்தபோது சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. தனம்மாள் இதே ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர், 1938இல் மறைந்தார், வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே வாசிப்பார், பெரிய பெரிய வித்துவான்கள் வந்து மூச்சுக் காட்டாமல் கேட்பார்கள் என்றெல்லாம் சொன்னார். பரத நாட்டியத்தில் புகழ்பெற்ற பாலசரஸ்வதி தனம்மாளின் பேத்தி. பாடகிகள் பிருந்தாவும் முக்தாவும் பேத்திகள். திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல் தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடியதையும், அவருடைய சீடர் வீணை குப்பையரின் ஊர் அதுதான் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். கர்நாடக சங்கீதம் என்றால் மயிலாப்பூர் என்று நினைத்திருந்தவனுக்கு, எங்கள் கடையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது என்பது பெரிய சந்தோஷம்.

அவர் பேச்சில் எனக்குப் பிடித்தது வேறொன்று. தனம்மாள் ஏன் பெரியவர் என்று அவர் எனக்குப் பாடம் நடத்தவில்லை. “எந்த இடத்தில் உனக்கு மனம் நின்றது?” என்று மட்டும் கேட்டார். நான் அந்த இடத்தை ஓட்டிக் காட்டினேன். அவர் தனக்கு நின்ற இடத்தை ஓட்டிக் காட்டினார். இதை நான் பிறகு எங்கும் கடைப்பிடித்து வருகிறேன். எனக்குப் பிடிக்காத பாடகரை மிகவும் நேசிக்கிற ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, எந்த இடம் என்று கேட்பேன். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் புகழ்மாலை வரும், சண்டை கூட வரும். எந்த இடம் என்று கேட்டால் விரலை நீட்டி ஓர் இடத்தைக் காட்டுவார்கள். காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, முழுக் கச்சேரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூன்று நிமிடம் போதும். அதையே ஒரு வாரம், வேறு வேலை செய்யாமல், நாளுக்கு இரண்டு தடவை கேளுங்கள். கேட்கும்போது கவனிக்க ஒரு சின்ன வேலையைக் காதுக்குக் கொடுங்கள். எனக்கு மோட்டார் கொடுத்தது. தாளக்காரரின் இடது கையை மட்டும் கேட்பது, பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று எண்ணுவது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். ரசிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் மனம் முரண்டு பிடிக்கும். வேலை என்று உட்கார்ந்தால் முரண்டு பிடிக்க அதற்கு நேரமிருக்காது.

நவராத்திரிக்கு வாசித்த அந்த அம்மையாரைத் தேடிப் போனேன். காலம் கடந்துவிட்டது. இப்போது வீணைக்கு மைக் வைக்கும்போது குடத்திலிருந்து ஓர் அடி தள்ளி வைத்து, சத்தத்தைத் தாழ்த்தி, நாற்காலிகளை முன்னுக்கு இழுத்துப் போடுகிறேன். பின்வரிசையில் யாராவது கேட்கவில்லை என்று கையைத் தூக்கினால் முன்னால் வந்து உட்காரச் சொல்கிறேன்.

எல்லோரிடமும் இது பலித்துவிடவில்லை. ஒலிநாடாவில் உள்ளதை அச்சு மாறாமல் நகலெடுத்துப் பாடுகிற மெல்லிசை மேடைப் பாடகர்களோடு இருபத்தைந்து வருடம் வேலை செய்திருக்கிறேன். அவர்களுடைய உழைப்பு தெரியும், பிழைப்பின் கஷ்டம் தெரியும். பக்கத்திலிருந்து கேட்டேன், நேசிக்கிறவர்களைக் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். இன்றுவரை மனம் ஒட்டவில்லை. அவர்களுக்கும் நல்ல ஸ்பீக்கர் வைத்துக் கொடுக்கிறேன், அதில் குறை வைப்பதில்லை.

இப்போது என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். குரலை இயந்திரத்தில் கொடுத்து வழவழவென்று ஆக்கிய பாட்டுகளைத்தான் கேட்கிறாள். எனக்கு அது தாங்க முடியவில்லை. போன வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, “எந்த இடம் என்று காட்டு” என்றேன். அவள் சந்தேகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். “பாட்டு முடியப் போகும்போது வரும் நைனா, பேசாமல் கேளுங்கள்” என்றாள். நான்கு தடவை கேட்டிருக்கிறேன். இன்னும் பிடிக்கவில்லை. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் தாளம் நின்று, அந்தப் பெண்ணின் குரல் மட்டும் தனியாக ஒரு மூச்சு இழுக்கிறது. அந்த மூச்சை இயந்திரம் தொடவில்லை.